கதவில் மாட்டிய புதுப் பெயர்

என் கணவனின் அறைக் கதவில் புதுப் பெயர்ப்பலகை மாட்டிய அன்று, இதய வார்டில் படுத்திருந்த கிழவர் ஹார்கிரீவ் என்னைக் கூப்பிட்டார்.

"உங்க பிள்ளைங்க மூணு பேருக்கும் செருப்பு வாங்கிக் குடுக்கக் கூடாதாம்மா? தரை ஐஸா இருக்கு. டாக்டர் பின்னாடியே வெறுங்காலோட சுத்துதுங்க."

எங்களுக்குக் குழந்தை கிடையாது. நான் அந்த பர்மிங்காம் மருத்துவமனையில் மருந்தாளர். வலிக்கு அவருக்குத் தரும் மார்பினைக் குறைக்கும்படி மருத்துவரிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மதியம் கேன்டீன்காரி எங்கள் தட்டில் கூடுதலாக மூன்று ஜூஸ் பொட்டலம் வைத்தாள். "பசங்களுக்கு," என்றாள். அவள் எந்த மருந்தும் சாப்பிடுகிறவள் அல்ல.

என் கணவன் பெயர் சுமினா. எங்கள் மொழியில் குப்பைமேடு என்று அர்த்தம். அவனுக்கு முன் பிறந்த மூன்றும் நடை பழகியதுமே இறந்துபோயின. கானாவில் எங்கள் அசாந்தி இனத்து வீடுகளில் அப்படி நடந்தால், அடுத்த பிள்ளையைக் குப்பையில் கிடத்துவார்கள். வழியே போகிற யாராவது கண்டெடுத்த மாதிரி தூக்கிக்கொடுப்பார்கள். அழகில்லாத ஒரு பெயரை வைப்பார்கள். தம்பியைத் தேடி வருகிற செத்த பிள்ளைகள் அந்தப் பெயரைக் கேட்டு, 'சீ, குப்பை' என்று திரும்பிப் போய்விடும்.

அந்தப் பெயரோடுதான் அவன் அங்கே குமாசி நகரில் டாக்டருக்குப் படித்தான், இங்கே வந்து எல்லாப் பரீட்சையும் எழுதினான். வெள்ளைக்காரர்கள் "என்ன அழகான பேரு!" என்பார்கள். தொல்லை நம்மவர்களால்தான். கானா சங்க விருந்தில், "டாக்டர், இன்னிக்கு உங்களை அள்ள லாரி வரலியா?" என்று யாராவது கேட்பார்கள். அவனும் சிரிப்பான். வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல் படுத்துவிடுவான். தலைமை அறுவை மருத்துவர் ஆனதும் சட்டப்படி நதானியேல் என்று மாற்றிக்கொண்டான்.

அத்தை போனில் கத்தினாள். "யாரைக் கேட்டுடா மாத்தின?"

"அம்மா, நான் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்றவன். குப்பைமேடுன்னு எத்தனை நாள் சொல்லிக்கிறது?"

"அந்தக் குப்பைமேடுதான்டா உன்னை உசுரோட வச்சிருக்கு." பிறகு தணிந்த குரலில் கேட்டாள்: "அங்க ரொம்பக் குளிராடா? அதுங்களுக்கு உடம்புல துணிகூட இல்லியே."

மறுவாரம் அவன் விரல்கள் மரத்துப்போயின. பாதி அறுவையில் கத்தியை உதவி மருத்துவரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தான். காரில் ஏறியதும் கையைக் காட்டினான்.

"செர்வா, யாரோ பிடிச்சிருக்காங்க. சின்னக் கை. விடவே மாட்டேங்குது."

தொட்டேன். நீரில் ஊறிய கல்போல் இருந்தது. அவன் நாடி நாளுக்கு நாள் மெதுவானது. அவனுடைய நண்பர்களே எல்லாச் சோதனையும் செய்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்றும் இல்லாமலே அவன் போய்விடுவான் என்று எனக்குப் புரிந்தது.

சனிக்கிழமை பகலில் அவனை ஊர்க் குப்பைக் கிடங்குக்கு ஓட்டிப்போனேன்.

"ஒரு தலைமை டாக்டரை இங்க கொட்ட விடுவாங்களா?" என்றான், மூச்சு வாங்க.

"எந்தத் தொட்டின்னு கேட்டுச் சொல்றேன். நீ இறங்கு."

யாரோ எறிந்திருந்த சோபாவில் சாய்த்தேன். கண்களை மூடிக்கொண்டான். முன்பின் தெரியாத ஒருவர் எடுக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கக் கூடாது. நான் காருக்கு நடந்தேன். திரும்பிப் பார்க்காமல் நடப்பது அவ்வளவு கஷ்டம் என்று தெரியாது.

"ஏங்க!" மஞ்சள் சட்டை போட்ட கிடங்குக்காரி சிரித்துக்கொண்டே கத்தினாள். "இந்த ஆளையுமா போட்டுட்டுப் போறீங்க? நல்லாத்தானே இருக்காரு! நான் எடுத்துக்கவா?"

"எடுத்துக்கோங்க," என்றேன்.

அவள் மணிக்கட்டைப் பற்றி அவனை எழுப்பினாள். "பேரென்ன சார்?"

அவன் என்னைப் பார்த்தான். "சுமினா," என்றான். "குப்பைமேடு."

சரளைக் கல்லில் சின்னக் கால்கள் ஓடும் சத்தம் கேட்டது. அங்கே யாரும் இல்லை. நான் ஓடிப்போய் அவன் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். சூடாக இருந்தது.

திங்கட்கிழமை அவனே புதுப் பலகையைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டினான். நான் மருந்து வண்டியோடு வார்டுக்குள் போனேன். ஹார்கிரீவ் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"பிள்ளைங்க ஊருக்குப் போயிடுச்சுங்க போல," என்றார். "கதவுல இருந்ததைப் பார்த்துட்டு மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஓடுச்சுங்க. கடைசிப் பொண்ணு மட்டும் திரும்பி வந்துச்சு. இப்பக்கூட உங்க வயித்துல காதை வச்சுக்கிட்டு நிக்குதே, தெரியலியா?"

நான் உண்டாகியிருப்பது அன்று காலையில்தான் எனக்கே தெரிந்தது. சுமினாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

வயிற்றின் மேல் சில்லென்றது. வண்டியை இறுகப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த அசிங்கமான பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லத் தொடங்கினேன்.