பெரிய கேட்

ஷகீலா கணவனின் நெற்றியில் அத்தர் தடவிக்கொண்டிருந்தபோது, கிளப் மேனேஜர் ஜெஃப்ரி வாசலில் வந்து நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று மைதானம் அலறியது.

மயிலாப்பூரில் வெள்ளைக்காரன் காலத்துக் கிரிக்கெட் மைதானம் அது. இன்று அங்கே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் சம்மர் பார்ட்டி, நாலரை மணிக்கு மேட்ச். அதற்காக விடியற்காலையிலேயே பிட்சை உருட்டினார் ஷகீலாவின் கணவர் காதர். உருட்டி முடித்தார், உட்கார்ந்தார், சாய்ந்தார். முப்பது வருஷம் அந்த மண்ணைக் கட்டிக்கொண்டு அழுதவருக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் போகப் பொறுமை இல்லை.

"ஷகீலாம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. பெரிய கேட்டுல பலூன், சாப்பாட்டு கவுன்ட்டர், முந்நூறு பேர்... காதர் பாயோட ஜனாஸாவைப் பின்பக்கமா எடுத்துட்டுப் போயிடலாமா?"

பின்பக்கக் கேட் குப்பை வண்டிக்கானது. ஷகீலாவுக்கு அழுகை நின்று கோபம் வந்தது.

"இன்னா சார், குப்பை போற வழியிலயா அவரை அனுப்பச் சொல்றீங்க? பெரிய கேட்டு வழியாதான் போவாரு. நானே போய் அந்தப் புள்ளைங்ககிட்ட கேக்கறேன்."

எழுந்தவளின் கையை நாத்தனார் அமீனா பீ பிடித்தாள். "அடியே, நீ இத்தா இருக்கணும். நாலு மாசம் பத்து நாளு வாசல் தாண்டக் கூடாது!"

"தாண்டல ஆபா. மைதானத்துக்குள்ளதான நம்ம வூடு கீது? அப்போ அந்தப் பெரிய கேட்டுதான் நம்ம வாசல்."

ஊருக்கே சட்டம் சொல்கிற அமீனா பீ பிடித்திருந்த கையை விட்டாள்.

ஷகீலா துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெயிலில் நடந்தாள். கையில் பட்டியலோடு ஓடிக்கொண்டிருந்த பெண்ணை நிறுத்தினாள். சட்டையில் பிரிஸில்லா என்று அட்டை தொங்கியது.

"பாப்பா, எங்க வூட்டுக்காரரு அந்தக் கேட்டு வழியா கடைசியா போவணும். கால் மணி நேரம் பாட்டை நிறுத்தினா போதும்."

"எங்ககிட்ட யாருமே சொல்லலையேம்மா!" பின்னாலேயே வந்து நின்ற ஜெஃப்ரியைப் பிரிஸில்லா முறைத்தாள். பிறகு அவளே ஓடிப்போய் பலூன் வளைவின் ஒரு காலைப் பிடித்து இழுத்தாள்.

மாலை அசர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. காதரின் உடல் வைத்த சந்தூக்கைத் தூக்கியவர்கள் குறுக்கு வழியாகப் பிட்சுப் பக்கம் திரும்பினார்கள்.

"சுத்திப் போங்க! கயித்தை ஒட்டிப் போங்க!"

ஷகீலா போட்ட சத்தத்தில் அவர்கள் பதறி எல்லைக் கயிற்றுப் பக்கம் ஒதுங்கினார்கள். கம்பெனியின் ஆரஞ்சு டீ-ஷர்ட்டுகள் எல்லாம் எழுந்து நின்றன. அதில் ரெஹான் என்றொருவன் வழக்கம் தெரிந்தவன், ஓடிவந்து தோள் கொடுத்தான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்தார்கள், பிறகு ஒரு வரிசையே வந்தது. ஷகீலாவுக்குப் பெருமையாக இருந்தது. அழுகையும் வந்தது.

பெரிய கேட்டோடு அவள் நின்றுகொண்டாள். சந்தூக்கு கச்சேரி ரோடு பக்கம் திரும்பி மறைந்தது.

பிரிஸில்லா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள். "மேட்சை கேன்சல் பண்ணிடறோம்மா."

"ஏன்? ஆடுங்க. உங்களுக்காகத்தான உருட்டி வச்சாரு. நாளைக்கு வெயில்ல வெடிச்சிப் பூடும்."

ரொம்ப நேரம் கழித்து முதல் பந்து விழுந்தது. அது சரியான உயரத்துக்கு எழும்பி நேராக மட்டைக்குப் போயிற்று. ஷகீலா ஆறு பந்தையும் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனாள்.