கீறல் விழாத ஹெல்மெட்

கண்ணாடி மூடி வளைவாக இருந்ததால் பொன்னுரங்கம் வைத்த ஹெல்மெட் நிற்கவில்லை. சரிந்து சரிந்து ரோஜா மாலையின் மேல் விழுந்தது. கடைசியில் அவர் தன் கைக்குட்டையைச் சுருட்டி அதன் அடியில் கொடுத்தார். நின்றது. ஃப்ரீசர் பெட்டிக்குள் படுத்திருந்த ராஜநாயகத்தின் முகத்துக்கு நேர் மேலே, மஞ்சள் நிறத்தில்.

"மாஸ்டர்னா இதான்," என்றார், ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் வகுப்பில் அவருக்குத் துணையாக இருந்த பொன்னுரங்கம். "இது இல்லாம அவரை யாராவது பார்த்திருக்கோமா?"

பெட்டியின் தலைமாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஜொவிட்டா, கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியைப் பார்த்தாள். சற்று முன்புதான் பொன்னுரங்கம் அங்கிருந்து அதை எடுத்திருந்தார். அங்கே அதை மாட்டியவர் அவள் கணவர்தான். சனிக்கிழமை மாலை மாட்டினார். அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

பொன்னுரங்கம் ஹெல்மெட்டைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க, ஒரு கீறல் கிடையாது. என்ன குவாலிட்டி."

செபமாலையை விரலில் சுற்றியபடி கீழ்வீட்டு அம்மாள் பெருமூச்சு விட்டாள். "ஹெல்மெட்டுக்கு ஒண்ணும் ஆகலை. தலைக்குத்தான் ஆயிடுச்சு."

யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று ஜொவிட்டா காத்திருந்தாள். கீறலே விழாத ஹெல்மெட் எப்படி வீட்டு ஆணிக்கு வந்தது என்று இவ்வளவு பேரில் ஒருவருக்காவது தோன்றாதா? தோன்றவில்லை. ஹெல்மெட் இல்லாத ராஜநாயகத்தை அவர்களால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மயிலாப்பூரிலும் சாந்தோமிலும் அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளி மைதானத்தில் பிள்ளைகளுக்கும், சைக்கிளை இதுவரை தொட்டிராத பெரியவர்களுக்கும் ஓட்டக் கற்றுத் தந்தார். எப்படிக் கை காட்டித் திரும்புவது, பஸ் பின்னால் வந்தால் எங்கே ஒதுங்குவது, சிக்னலில் எங்கே நிற்பது என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லுவார். ஹெல்மெட் விஷயத்தில் மட்டும் பொறுமை கிடையாது. ஹெல்மெட் இல்லாமல் வந்த பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். "இன்னிக்கு ஒரு நாள் விடுங்க மாஸ்டர்" என்று கெஞ்சிய தாய்மார்களிடம் அவர் பதில்கூடச் சொன்னதில்லை. ஜொவிட்டா மைதானத்து ஓரத்தில் மேஜை போட்டு எலுமிச்சைச் சாறு கலக்குவாள். தெருவில் பாதிப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றியது. இப்போது தோன்றி என்ன?

எழுந்து போக வேண்டும் போலிருந்தது. பெட்டி ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. அவள் சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் நாலு பெண்கள் எழுந்து வழிவிட வேண்டும். இரண்டு முறை எழப் பார்த்தாள். இரண்டு முறையும் யாரோ தோளைப் பிடித்து அழுத்தினார்கள். "உட்காரும்மா. உனக்கு என்ன வேணும், நாங்க எடுத்துத் தர்றோம்."

அவளுக்கு என்ன வேண்டும் என்பதைச் சொல்ல முடியவில்லை.

பெட்டிக்குள் அவர் நெற்றியிலிருந்து பின்தலை வரை வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். காதோரம் மட்டும் முடி தெரிந்தது. நல்ல கருப்பு. காதின் மேல்விளிம்பில் டை ஒட்டியிருந்த தடம் இன்னும் போகவில்லை.

"மாஸ்டருக்கு முடி எவ்ளோ கருப்பா இருக்கு," என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். "தூங்குற மாதிரியே இருக்காரு."

சனிக்கிழமை மாலை பழைய டூத் பிரஷ்ஷால் அவள்தான் டை போட்டுவிட்டாள். மறுநாள் வகுப்பின் ஆண்டு விழா. பத்திரிகையிலிருந்து படம் எடுக்க வருகிறார்கள் என்று சொல்லியிருந்தார்கள். வழுக்கையைப் பற்றிக் கவலைப்படாத மனிதருக்கு நரை மட்டும் பிடிக்காது. தோளில் பழைய துண்டோடு பால்கனியில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று எழுந்தார். பிள்ளைகள் முதுகில் குத்த வேண்டிய எண் அட்டைகள் லஸ் முனையில் அச்சாகித் தயாராக இருந்தன. கடையைச் சாத்திவிடுவார்கள். சட்டையை மாட்டி, ஹெல்மெட்டைக் கையில் எடுத்தார்.

"இன்னும் காயலைங்க," என்றாள் அவள். "உள்ள ஸ்பாஞ்செல்லாம் கறையாயிடும். நாளைக்குப் படத்துல கறையோடதான் நிக்கப் போறீங்களா?"

அவர் ஹெல்மெட்டின் உள்ளே பார்த்தார். சிரித்தார். ஆணியில் மாட்டிவிட்டு, சைக்கிளை எடுக்க இறங்கிப் போனார்.

இத்தனை வருஷ வாழ்க்கையில் அவள் சொல்லி அவர் கேட்ட விஷயங்களை அவள் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணும் அளவுக்கு இருந்ததும் இல்லை. எந்த வீடு, எந்தப் பள்ளி, மகனுக்கு எந்தப் படிப்பு, எல்லாம் அவர் சொன்னதுதான். இதை மட்டும் கேட்டுக்கொண்டார்.

ஆஸ்வின் வந்து குனிந்தான். "மம்மி, உள்ள வாங்க. புடவை மாத்தணும்னு சொல்றாங்க."

மகன் சொன்னதும் நாலு பெண்களும் எழுந்து வழிவிட்டார்கள். படுக்கையறைக் கதவைச் சாத்தியதும் அவள் கேட்டாள்.

"பொன்னுரங்கம் பண்றதைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"நீ ஒண்ணும் சொல்லலையே."

ஆஸ்வின் கட்டிலில் உட்கார்ந்தான். பெருங்குடியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடியவன் அவன்தான். வாட்ச், சட்டை, ஒற்றைச் செருப்பு என்று ஒரு பையில் போட்டு அவனிடம்தான் கொடுத்தார்கள். ஹெல்மெட் எங்கே என்று அவன் வார்டு பாய் வரைக்கும் சண்டை போட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்து ஆணியைப் பார்த்த பிறகுதான் வாயை மூடிக்கொண்டான்.

"என்ன சொல்லச் சொல்றீங்க?"

"இருக்கிறதைச் சொல்லு."

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா? காரை ரோட்டுல நிறுத்திட்டு, பின்னால டாடி சைக்கிள் வர்றதைப் பார்க்காம கதவைத் திறந்தவன் அவன். நாளைக்கு ஒரு வக்கீலைப் பிடிப்பான். பெரியவர் ஹெல்மெட் போடலை, அதான் செத்தாருன்னு முடிச்சிடுவான். ஊரும் அதைத்தான் பேசும். ஊருக்கெல்லாம் சொன்னவரு தான் போடலையேன்னு சிரிப்பாங்க. டாடியைப் பார்த்துச் சிரிப்பாங்க மம்மி."

"கீழ்வீட்டம்மா பேசினது கேட்டுச்சா?"

"அவங்க பேசுறதெல்லாம் ஒரு பேச்சா?"

"அவங்க மட்டும் இல்லை."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சிறு வயதில் ஜுரம் வந்தால் இப்படித்தான் பிடிப்பான். "ஒரு நாள் மம்மி. இன்னிக்கு மட்டும். அவர் நல்லபடியா போகட்டும்."

அவனுக்கும் முழுவதும் தெரியாது. ஹெல்மெட்டை ஏன் மாட்டிவிட்டுப் போனார் என்று அவன் கேட்கவில்லை. அவசரத்தில் மறந்துவிட்டார் என்று தானாகவே முடிவு செய்திருந்தான்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது பக்கத்து நாற்காலியில் குல்சும் இருந்தாள். நாற்பது வயதில் மாஸ்டரிடம் சைக்கிள் கற்றுக்கொண்டு, இப்போது சைக்கிளிலேயே வீடு வீடாக டிபன் கொண்டுபோய்க் கொடுக்கிறவள். மைதானத்தில் முதல் மாதம் முழுக்க விழுந்துகொண்டே இருந்தாள். ஒவ்வொரு முறையும் எழுந்து தானே முதலில் சிரிப்பாள்.

"அழுவக்கூட மாட்றீங்களேக்கா," என்றாள். "உள்ளயே வெச்சிக்கினு இருந்தா நெஞ்சு அடைச்சிக்கும்."

ஜொவிட்டா அவளுக்குப் பின்னால் நின்ற மகளைப் பார்த்தாள். பத்து வயதிருக்கும். நேற்று ஆண்டு விழாவில் முதல் வரிசையில் ஓட்டியிருக்க வேண்டியவள்.

"சைக்கிள்ளயா வந்தீங்க?"

"ஆமாக்கா. கீழ நிறுத்திக்கீது."

"ஹெல்மெட் எங்க?"

குல்சும் தயங்கினாள். "வீட்ல கீது. தப்பா நெனைக்காதீங்க. நேத்துலேந்து எல்லாரும் அதான் பேசிக்கினு கீறாங்க. இம்மாம் பெரிய மாஸ்டர், நல்ல ஹெல்மெட் போட்டுக்கினு போயே இப்டி ஆயிடுச்சு, அப்புறம் எதுக்கு அது, சும்மா வேர்வைன்றாங்க. இவளும் காலைல வேணாம்னா. நானும் சரி வுடுன்னுட்டேன். அல்லா எழுதினதுதானே நடக்கும்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய நேர்வகிட்டின் வெள்ளைக் கோடு ஜொவிட்டாவின் கண்ணுக்கு நேராக வந்தது.

வாய்வரை வந்துவிட்டது. எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்ற ஆஸ்வின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

குல்சும் குரலைத் தாழ்த்தினாள். "அந்த கார்க்காரப் பையன் வந்துக்கீறான்க்கா. கீழ கேட்டாண்ட நிக்கிறான். புகழேந்தின்னு பேராம். தம்பிக்குச் சொல்லாதீங்க, அடிச்சிடப் போறாரு. மாஸ்டர் தலைய மடில வெச்சிக்கினு ஆட்டோல ஆஸ்பத்திரிக்கு எடுத்தாந்தது அவந்தானாம். ஸ்டேஷன்ல கதவு தொறந்தது நான்தான்னு சொன்னானாம். அதுக்கு மேல இன்னா கேட்டாலும் வாயே தொறக்கலியாம்."

"அதுக்கு மேல ஒண்ணுமே சொல்லலையா?"

"ஒண்ணுமே சொல்லலியாம்."

தலையை மடியில் வைத்திருந்தவனுக்கு ஹெல்மெட் இல்லாதது தெரியாமல் இருக்காது. ஆஸ்வின் பயந்த அதே வார்த்தை அவன் கையில் இருக்கிறது. அவன் அதை எடுக்கவில்லை. முகம் தெரியாத ஒருவனும் அவளும் ஒரே விஷயத்தை மூடிவைத்துக்கொண்டு இருப்பது அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்க்கலாம் என்றால் நடுவில் பெட்டி இருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் கடல்காற்று பலமாக வீசியது. ஃபாதர் செபத்தை முடித்துப் புத்தகத்தை மூடியதும் பொன்னுரங்கம் முன்னால் வந்தார். பிள்ளைகள் குழியைச் சுற்றி நின்றார்கள். பாதிப் பேர் தலையில் ஹெல்மெட் இருந்தது. பாதிப் பேர் தலையில் இல்லை. அவர்களை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

"நம்ம மாஸ்டர்," என்றார் பொன்னுரங்கம், "தான் சொன்னதுக்குத் தானே உதாரணமா வாழ்ந்தவரு. கடைசி மூச்சு வரைக்கும் ஹெல்மெட்டோடதான் இருந்தாரு. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே, அதுக்கு முன்னால…"

"போடலை," என்றாள் ஜொவிட்டா.

காற்றில் முதலில் யாருக்கும் கேட்கவில்லை. ஆஸ்வினுக்குக் கேட்டது. அவள் முழங்கைக்கு மேல் பிடித்தான்.

"அன்னிக்கு அவர் ஹெல்மெட் போடலை. தலைக்கு டை அடிச்சிருந்தாரு. அது காயலை. அதனால வீட்டிலேயே மாட்டிட்டுப் போயிட்டாரு. அதான் அதுல கீறல் இல்லை."

பிள்ளைகளில் ஒன்று சட்டென்று சிரித்துவிட்டது. டை என்ற சொல்லுக்குத்தான் சிரித்திருக்க வேண்டும். உடனே தன் வாயைப் பொத்திக்கொண்டது. பொன்னுரங்கம் கையிலிருந்த மஞ்சள் ஹெல்மெட்டைப் பார்த்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

ஆஸ்வின் அவள் கையை விட்டான். விட்ட இடத்தில் அவன் விரல்கள் பதிந்த வலி இருந்தது.

"போட்டிருந்தா பொழச்சிருப்பாருன்னு டாக்டர் சொன்னாரா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"தெரியாது. ஆனா போட்டிருந்தும் செத்தாருன்னு யாரும் பேச வேண்டாம்."

"அப்ப அந்தப் பையன் மேல தப்பில்லைன்னு ஆயிடுச்சே," என்று வேறொரு குரல்.

"கதவைத் தொறந்தது அவன்தான்," என்றாள் ஜொவிட்டா. "அதுவும் நெசம்."

தன்னைப் பற்றிய ஒரு வாக்கியம் இன்னும் இருந்தது. அதற்கு இதுதான் இடம். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குல்சும் தன் மகளின் உச்சந்தலையில் கையை வைத்து அப்படியே நின்றாள். ஜொவிட்டா வாயைத் திறந்தாள். வாய்க்குள் காற்று வந்தது. மூடிக்கொண்டாள். இனி அந்த வாக்கியம் வரப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

ஃபாதர் மெல்ல "நித்திய இளைப்பாற்றியை" என்று தொடங்கினார். கூட்டம் நிம்மதியோடு சேர்ந்துகொண்டது. கயிறு கட்டிச் சவப்பெட்டியை இறக்கினார்கள். ஆஸ்வின் முதல் பிடி மண்ணைப் போட்டான். அவளுக்காக மண் அள்ளித் தரவில்லை. அவளே குனிந்து எடுத்துப் போட்டாள். பிறகு பொன்னுரங்கம், குல்சும், பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போட்டார்கள். பெட்டியின் மேல் மண் விழும் சத்தம் வரவரக் குறைந்தது.

எல்லோரும் வாசலை நோக்கி நகரத் தொடங்கிய பிறகு, அதுவரை கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த ஒருவன் முன்னால் வந்தான். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, வெறும் கால். அவன் யாரென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆஸ்வின் நின்றான். ஓரடி எடுத்து வைத்தான். அதற்கு மேல் போகவில்லை.

அந்தப் பையன் ஜொவிட்டாவைப் பார்த்தான். அவள் எதிர்பார்த்தது அந்தப் பார்வையில் இல்லை. பாரம் இறங்கியவனின் முகம் அல்ல அது. நீங்கள் ஏன் சொன்னீர்கள் என்று கேட்பதுபோல இருந்தது. பிறகு குழியோரம் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தான்.

எடுத்தவன் போடவில்லை. மூடிய கையைக் குழிக்கு மேல் நீட்டியபடி நின்றான். கடற்கரைப் பக்கத்து மணல் கலந்த மண். விரல் இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தது.

குழி வெட்டுகிறவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

"போட்டுடு நைனா. மூடணும்."

பையனின் கை திறக்கவில்லை. குழியின் எதிர்ப்பக்கத்தில் ஜொவிட்டாவும் நகரவில்லை. குழி வெட்டுகிறவர் தோளிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மண்வெட்டியைக் கீழே சாய்த்துவிட்டுப் பக்கத்துக் கல்லறையின் விளிம்பில் உட்கார்ந்தார்.