சம்பளத்துக்குப் பதில் தீவுச் சுற்றுலா

என் மச்சான் எனக்குத் தரவேண்டியது பதினேழாயிரத்து நானூறு. கைமாற்று இல்லை, சீட்டுப் பணம் இல்லை, கூலி. ஒரு சீசன் முழுக்க முதுகு ஒடிய உழைத்ததன் பாக்கி. கேட்டால் "நாளைக்கு மாப்ளே" என்பார். படகுத்துறையில் அவருக்குப் பட்டப்பெயரே 'நாளைக்கு' என்பதுதான். "நாளைக்கு இன்னைக்கு வந்தாரா?" என்று பையன்கள் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

மச்சான் என்றால் என் மனைவியின் சொந்த அண்ணன். இந்தத் தீவுக்கு வருகிறவர்களுக்கு என்னவெல்லாம் காட்டலாமோ அத்தனையும் அவர் கையில். துறையில் ஒரு விலைப் பலகை. கண்ணாடிப் படகில் பவளப்பாறை பார்க்க ஆயிரத்து ஐந்நூறு. முகமூடி மாட்டிக்கொண்டு மீனோடு நீந்த இரண்டாயிரத்து இருநூறு. மணல்திட்டில் மதியச் சாப்பாடு இரண்டாயிரத்து ஐந்நூறு. சூரியன் மறைவதைப் படகிலிருந்து பார்க்க அதே இரண்டாயிரத்து ஐந்நூறு. சூரியன் சும்மாதான் மறைகிறது. அதற்கும் டிக்கெட்.

என் வேலை அந்தப் பலகையில் இல்லை. விருந்தாளிகள் எழுவதற்குள் கரையில் ஒதுங்கிய கடற்பாசியை வாரி எடுத்துக் குழி தோண்டிப் புதைப்பேன். புதைக்காவிட்டால் வெயில் ஏற ஏற அழுகல் நாற்றம் குடலைப் புரட்டும். பிறகு கண்ணாடிப் படகுக்கு அடியில் முங்கி, அடிக்கண்ணாடியில் படர்ந்த பச்சை வழுக்கலைத் தேய்த்து எடுப்பேன். அதெல்லாம் முடிந்த பிறகுதான் மச்சான் பல் துலக்குவார்.

போன வாரம் பெய்த மழையில் வீட்டிலுள்ள பாத்திரத்தையெல்லாம் கூரை ஒழுக்குக்கு வைத்துவிட்டு, சமைக்கப் பாத்திரம் இல்லாமல் நின்றாள் என் மனைவி. தகரக் கடைக்காரர் முன்பணம் இல்லாமல் ஒரு தகடுகூடத் தரமாட்டேன் என்றுவிட்டார். நனைந்த சட்டையோடு நேராக மச்சானிடம் போனேன்.

"இன்னைக்குப் பணம் இல்லாம போகமாட்டேன் மச்சான்."

"உக்காரு மாப்ளே. ஏன் நின்னுக்கிட்டே பேசுற?"

"உக்கார வரல."

"கையில பணம் இல்ல. ஆனா உன்னை வெறுங்கையோட அனுப்புவேனா? நீயும் தங்கச்சியும் ஒரு நாள் வாங்க. வேலைக்கு இல்ல, விருந்தாளியா. பலகையில இருக்குற நாலும் உங்களுக்குத்தான். ஒரு ஆளுக்கு எட்டாயிரத்து எழுநூறு. ரெண்டு பேருக்கு..." கால்குலேட்டரைத் தட்டி என் பக்கம் திருப்பினார். பதினேழாயிரத்து நானூறு. "பாத்தியா, பைசா பிசகல. உனக்கும் எனக்கும் கணக்கு நேர்."

அந்தக் கால்குலேட்டரைப் பிடுங்கிக் கடலில் எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. அந்தக் கோபத்தையும் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"சூரியன் மறையிறதைக் கொண்டு கூரை போட முடியுமா? மீனைப் பாத்தா ஒழுகாம இருக்குமா? உங்க அண்ணன் என்னை என்னன்னு நெனச்சான்?" என்று கத்தினேன்.

அவள் துண்டு பிழிந்துகொண்டிருந்தாள். விருந்தாளிகளின் துண்டுகளைத் துவைத்துக் கொடுப்பது அவள் வேலை. அதற்கும் கூலி மச்சான் கொடுக்கும்போதுதான்.

"அவன்கிட்டேருந்து பணம் வராதுங்க. சின்ன வயசுல என் மிட்டாயைப் புடுங்கித் தின்னுட்டு நாளைக்குத் தரேன்னான். இன்னும் அந்த மிட்டாய் வரல."

"அதுக்கு?"

"அதுக்கு, போவோம். வர்றதையாவது வாங்கிக்குவோம். இத்தனை துண்டு துவைச்சிருக்கேன், ஒரு நாளாவது அதுல என் முகத்தைத் துடைச்சுக்கிறேன். ஆனா ஒண்ணு. விருந்தாளின்னா விருந்தாளிதான். நடுவுல எந்திரிச்சு எதையாவது தூக்கினீங்க, அப்புறம் நான் உங்ககூடப் பேசமாட்டேன்."

போனோம். முந்தின நாள் முழுக்க மழை. படகும் ஓடவில்லை, நானும் முங்கவில்லை. அன்று நான் விருந்தாளி. பெட்டியில் இருந்த நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு என் மனைவி கரையில் கால் வைத்தாள். உடனே முந்தானையால் மூக்கை மூடினாள்.

கரை முழுக்கக் கடற்பாசி. முழங்கால் உயரத்துக்குக் கறுப்பாகக் குவிந்து கிடந்தது. ஈ மொய்த்தது. வெள்ளை மணலைக் காணோம். குடைகளுக்கடியில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். மச்சான் தூக்கக் கலக்கத்தோடு ஓடிவந்தார்.

"யார் பண்ணின வேலை இது?"

"யாரும் பண்ணாத வேலை மச்சான்" என்றேன்.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கூலிக்குப் பதில் லீவு கொடுத்தவர், லீவு கொடுத்தால் வேலை நடக்காது என்பதை யோசிக்கவில்லை. பாசி தானாகக் கடலுக்குத் திரும்பிப் போகிறது என்றே இத்தனை நாளும் நினைத்திருப்பார் போல.

பாசி அள்ளும் வாரியைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார். "சும்மா ஒரு அரை மணி நேரம் மாப்ளே."

என் கை அதை வாங்கப் போய்விட்டது. நான் அனுப்பவில்லை, அதுவாகப் போனது. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரம். என் மனைவி மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"அண்ணே, அவர் விருந்தாளி."

மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு, நாற்றத்திலிருந்து ஆட்களைத் தப்பிக்க வைக்க எல்லோரையும் கண்ணாடிப் படகில் ஏற்றினார். எங்களைத் தவிரப் பன்னிரண்டு பேர். ஏறும்போதே டிக்கெட் காசை வாங்கி இடுப்புப் பையில் திணித்துக்கொண்டார். பணம் இல்லை என்றவரின் பை பிதுங்கியது.

எஞ்சினில் கொக்கு இருந்தான். நெட்டையாக, ஒல்லியாக இருப்பதால் அவன் கொக்கு. நான் மாட்டியிருந்த உயிர்காப்பு ஜாக்கெட்டைப் பார்த்து, "என்னண்ணே, ஜாக்கெட்டு உங்களுக்குப் பொருத்தமா இருக்கு" என்றான்.

பவளப்பாறைக்கு மேலே போய் வேகத்தைக் குறைத்தான். எல்லோரும் குனிந்தார்கள். கண்ணாடி பச்சைப் பசேலென்று இருந்தது. கீரைச் சட்டிக்குள் எட்டிப் பார்ப்பது போல இருந்தது.

"இதுல என்ன தெரியுது?" என்றார் கேமரா வைத்திருந்தவர்.

"என் வீட்டு மீன்தொட்டியே தேவலை. அதையும் நான்தான் கழுவணும்" என்றாள் பக்கத்தில் இருந்த அம்மாள்.

"காசைத் திருப்பிக் குடுங்க."

என் மனைவி மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "மஞ்சள் மீன் இருக்கும்னு சொன்னீங்களே, இந்தப் பக்கமா வரும்?"

எனக்கு நெஞ்சு எரிந்தது. என் கூலியையும் தின்றாயிற்று. கூலிக்குப் பதிலாகத் தந்த காட்சியும் நான் தண்ணீரில் முங்கித் தேய்த்தால்தான் தெரியும். அவளுக்கு ஒரு மீனைக் காட்ட வேண்டுமென்றாலும் நான்தான் வேலை செய்ய வேண்டும்.

மச்சான் என் காதுக்கருகில் வந்தார். "எறங்கித் தேச்சுடு மாப்ளே. மானம் போகுது."

"கூலியைக் குடுங்க."

"அதான் டூர் குடுத்துட்டேனே."

"இதுவா டூர்? பச்சைக் கண்ணாடியக் காட்டுறது டூரா?" நான் குரலைத் தாழ்த்தவில்லை. பன்னிரண்டு பேரும் திரும்பினார்கள். "பதினேழாயிரத்து நானூறு. எண்ணி என் கையில வைங்க. எறங்குறேன்."

பன்னிரண்டு பேருக்கும் திருப்பிக் கொடுத்தால் பதினெட்டாயிரம். மச்சான் அந்தக் கணக்கில் புலி. பையைத் திறந்தார். எச்சில் தொட்டு எண்ண ஆரம்பித்தார். நான் ஜாக்கெட்டைக் கழற்றினேன். சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். அவள் போட்ட நிபந்தனையை மீறத்தான் போகிறேன், கூரைக்காக. அவள் என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்தாள்.

மச்சான் நோட்டுக் கட்டை நீட்டினார். "பதினாலாயிரத்து நானூறு."

"மூவாயிரம் எங்க?"

"படகுல ஏறிட்டீங்கள்ல. ரெண்டு டிக்கெட்டுக் காசைக் கழிச்சுட்டேன். நியாயம்னா நியாயம்தான்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி கையை நீட்டி நோட்டுகளை வாங்கிக்கொண்டாள்.

"கழிச்சுக்கோண்ணே. நியாயம்தான்" என்றாள். பிறகு என்னிடம், "சட்டையைப் போடுங்க. காசு குடுத்து டிக்கெட் வாங்கியிருக்கோம். காசு குடுத்தவங்களை எந்த ஊர்லயாவது தண்ணியில எறங்கித் தேய்க்கச் சொல்லுவாங்களா?"

பொத்தானை மறுபடி மாட்டினேன்.

"அப்ப யாரு எறங்குறது?" மச்சான் கொக்கைப் பார்த்தார்.

"எஞ்சினை விட்டா பாறையில இடிச்சுரும் முதலாளி. படகு போனாப் பரவாயில்லையா?"

கேமராக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மச்சான் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இடுப்புப் பையைக் கழற்றினார். அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். கடைசியில் தங்கையின் மடியில் வைத்தார். கொக்கு எஞ்சினை அணைத்துவிட்டு, துடுப்புக் கழியைப் பாறையில் ஊன்றிப் படகைப் பிடித்துக்கொண்டான். மச்சான் தேய்க்கும் துணியோடு குதித்தார்.

பச்சைக்குள் முதலில் ஒரு கை தெரிந்தது. பிறகு வீங்கிய கன்னம். கொஞ்சம் தேய்ப்பார், மேலே வந்து மூச்சு வாங்குவார், மறுபடி முங்குவார். நடுக்கடலில் கண்ணாடி மங்கிய நாட்களில் நானும் இப்படி இறங்கியிருக்கிறேன். அடியிலிருந்து பார்த்தால் மேலே குனிந்திருக்கும் முகங்கள் எல்லாம் தெரியும். ஒரு முகமும் நம்மைப் பார்க்காது. நமக்குப் பின்னால் மீன் வருகிறதா என்று பார்க்கும்.

என் மனைவி நோட்டுகளை எண்ணி முடித்தாள். அண்ணனின் பையைத் தொடவில்லை. எங்கள் பணத்தை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"சரியா இருக்கு. கணக்கு தீந்துதுங்க" என்றாள்.

பாதிக் கண்ணாடி தெளிந்திருந்தது. மச்சான் கன்னத்தை உப்பிக்கொண்டு கீழேயிருந்து என்னைப் பார்த்தார். நான் மீனைப் பார்த்தேன்.