ஒரே ஆள் கடை

"உங்க கடையில மொத்தம் எத்தனை பேர் வேலை செய்றாங்க?" என்று ஆடிட்டர் கேட்டார்.

"ஒரே ஆள். நான்தான்" என்று மோட்டார் ரிப்பேர் கடைக்காரரான தலைவர் நெஞ்சைத் தட்டிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத் திரைக்குப் பின்னால் மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், சுற்றும் இயந்திரம் 'கிர்ர்ர்' என்று ஓடித் தொலைத்தது. ஆடிட்டர் திரையைப் பார்த்தார். தலைவர் கூரையைப் பார்த்தார். உள்ளே இருந்தவள் கைப்பிடியை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"உள்ளே யாரு சார்?"

"அதுவா? என் வீட்டுக்காரி. வீட்ல தனியா இருந்தா போரடிக்குதுன்னு இங்க வந்து சும்மா உக்காந்திருக்கா."

சும்மா உட்கார்ந்திருந்தவளின் மடியில் ஒரு தண்ணீர் மோட்டார் வயிறு பிளந்து கிடந்தது. எரிந்துபோன காயிலை வெட்டி எடுத்து, கம்பி இறங்கும் காடிகளைச் சுரண்டி, காகிதம் செருகி, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றி இறக்கி, நூலால் வரிந்து கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பது வரை அவள் வேலைதான். கல்யாணமான புதிதில் தலைவரும் காயில் கட்டியவர்தான். முதுகு வலிக்கிறது, ஒரு மாதம் பார்த்துக்கொள் என்று அவளிடம் கொடுத்தார். அந்த மாதம் இன்னும் முடியவில்லை. எரிந்த மோட்டாரை முன்னால் அவர் வாங்குவார், "நாளைக்கு வாங்க, ஜம்முனு பண்ணித் தரேன்" என்பார். ஊரே அவர் கையைப் பாராட்டும். அவரும் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வார்.

சிறு வியாபாரிகள் சங்கத்துக்கு அவர் தலைவர் என்பதால் தெருவில் யாரும் அவரை வேறு எப்படியும் கூப்பிடுவதில்லை. மேடை ஏறினால் மனிதர் விட மாட்டார். வரி என்பது பட்டப்பகல் கொள்ளை என்று தொடங்குவார். இந்த உலகத்தைத் தோளில் தாங்குகிறவன் சின்னக் கடைக்காரன்தான் என்பார். கல்யாணம் என்றால் ரெண்டு பேர் ஒண்ணாவது, அங்கே உன்னது என்னது என்ற பேச்சே கூடாது என்பார். கடைசியில் அரசுப் பள்ளிக்கு வருவார். நம்மிடம் பிடுங்கிய வரியைக் கொண்டுபோய்க் கொட்டுகிற குழி அது என்று முடிக்கும்போது தொண்டை கட்டியிருக்கும். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. பழைய கம்பியைப் புதுக் கம்பி என்று அவர் ஒருநாளும் ஏமாற்றியதில்லை. காசில்லாதவர் மின்விசிறியைச் சும்மாவே பார்த்துக் கொடுத்திருக்கிறார், அதாவது அவளைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

அந்த வாரம் வீட்டில் வேறொரு புகைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கித் தேறியிருந்தாள். மேலே படிக்க வேண்டும் என்கிறாள். தனியார் பள்ளியில் கழுத்தில் டை கட்டிக்கொண்டு படிக்கும் பையனுக்கு ஃபீஸ் கட்டவே பணம் திண்டாட்டம். அதனால் மகளின் படிப்பு இத்தோடு போதும் என்று தலைவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"தெருமுனையிலதான் அரசாங்கப் பள்ளிக்கூடம் இருக்கே. ஃபீஸே கெடையாதாம். அங்க சேத்துடலாம்ங்க" என்று மனைவி சொல்லிப் பார்த்தாள்.

"என் பொண்ணா? அங்கயா? என் வரிப்பணத்தைத் தின்னு கொழுத்த எடம் அது!"

"அப்ப நம்ம பணம்தானே அங்க இருக்கு. பொண்ணை அனுப்பிக் கொஞ்சமாவது திருப்பி எடுத்துக்கலாமே."

பதில் கிடைக்காதபோது தலைவர் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு. "எதிர்த்துப் பேசாத" என்றார்.

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தான் எட்டாவதோடு நின்றதை அவள் பெரிதாக நினைத்ததில்லை. மகளும் திரைக்குப் பின்னால் இருக்கும் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்து, அதே வார்னிஷ் நாற்றத்தோடு இன்னொருத்தர் வீட்டுக்குப் போய், அங்கேயும் சும்மா இருக்கிறாள் என்று பெயர் வாங்கப் போகிறாளே என்றுதான் கவலைப்பட்டாள். பள்ளியில் சேர்க்கை முடிய அதிக நாள் இல்லை.

இந்த நிலையில்தான் ஆடிட்டர் அந்தப் பொல்லாத யோசனையைச் சொன்னார்.

"சார், வரி வரின்னு இவ்வளவு குதிக்கிறீங்களே. உள்ளே வேலை செய்றவங்களை ஊழியர்னு காட்டுங்க. சம்பளம் செலவாயிடும். லாபம் குறையும். வரியும் குறையும். ஆனா சம்பளம் மாசாமாசம் அவங்க பேர்ல பேங்குல நெஜமாவே போகணும்."

தலைவருக்கு மூச்சு முட்டியது. பெண்டாட்டிக்குச் சம்பளமா? ரெண்டு பேர் ஒன்று என்று மேடையில் முழங்கியவன், அந்த ஒன்றுக்கு ஒன்றாம் தேதி சம்பளம் போடுவதா? மறுபக்கம் வரி. அன்று மதியம் அவர் சாப்பாட்டில் பாதியைத் தட்டிலேயே விட்டார். கல்யாணத்தின் புனிதமும் வரியின் மேலிருந்த வெறுப்பும் அவருக்குள் கட்டிப் புரண்டன. சாயங்கால டீ வருவதற்குள் வெறுப்பு ஜெயித்துவிட்டது.

"இந்தா, இதுல ஒரு கையெழுத்துப் போடு. வெறும் காகிதத்துக்குத்தான். மனசுல ஒண்ணும் வெச்சுக்காத" என்று ஆடிட்டர் தயாரித்த வேலை உத்தரவை நீட்டினார்.

அவள் நிதானமாகப் படித்தாள். வேலை: காயில் கட்டுநர். நேரம்: காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. ஞாயிறு விடுமுறை. சட்டம் அப்படித்தான் கேட்கிறதாம். இத்தனை வருடத்தில் தான் செய்வதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. சந்தோஷமாக இருந்தது, கூடவே வெட்கமாகவும் இருந்தது. கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டாள்.

மறுநாள் மாலை, பாதி சுற்றிய காயிலை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன எழுந்துட்ட?"

"அஞ்சாச்சுங்க."

"அடியே, அது காகிதத்துக்குன்னு சொன்னேன்ல?"

"காகிதத்துல அஞ்சுன்னுதானே போட்டிருக்கு. அதுக்கு மேல உக்காந்தா நீங்க எனக்குக் கூடுதல் சம்பளம் தரணும். வீட்டு ஆம்பளைக்கு நானே எதுக்குங்க செலவு வைக்கணும்?"

அவ்வளவு பணிவாகச் சொன்னால் எதிர்த்துப் பேசாதே என்றுகூடச் சொல்ல முடியவில்லை. வேலையை விட்டு நீக்கிவிடலாம் என்று பார்த்தால் வரி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. தலைவர் தலையைச் சொறிந்தார். சொறியச் சொறிய அவருக்கு ஒரு வழி பிறந்தது. அவள் ஐந்துக்கு எழுந்ததும் மகளைக் கூப்பிட்டு அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்.

"பாப்பா, அம்மா விட்டதைப் பாத்துக் கட்டு. நாளைக்குப் போற எடத்துல உதவும். யாராச்சும் கேட்டா சும்மா உக்காந்திருக்கேன்னு சொல்லு."

மனைவிக்குச் சுரீர் என்றது. ஐந்து மணிக்கு எழுந்த தன் கெட்டிக்காரத்தனம் கடைசியில் மகள் தலையில் விடியும் என்று அவள் நினைக்கவே இல்லை. மறுபடி போய் உட்கார்ந்துவிடலாமா என்று நினைத்தாள். அவள் உட்கார்ந்தாலும் மகள் எழுந்திருக்கப் போவதில்லை. நாற்காலி இரண்டாகும், அவ்வளவுதான். அன்றிலிருந்து வீட்டில் அடுப்பு மூட்டும்போதெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

சேர்க்கையின் கடைசி நாளும் வந்தது. பள்ளி அலுவலகம் அன்றைக்கு ஆறு மணி வரை திறந்திருக்கும். அவள் ஐந்து மணிக்கு எழுந்து, இன்னொரு தடவை கெஞ்சிப் பார்ப்போம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு முன்பக்கம் வந்தாள். கல்லா முன்னால் கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண்மணி நின்றிருந்தாள். ஆடிட்டர் அனுப்பிய சம்பளக் கணக்கைப் பார்த்துவிட்டு வந்த வரி அலுவலகத்து அதிகாரி. பெண்டாட்டி பெயரில் பொய்ச் சம்பளம் எழுதுகிற கடைகள் பெருகிவிட்டனவாம், நேரில் பார்க்க வந்திருக்கிறாளாம். பக்கத்தில், பழுது பார்க்க வந்த தெருச் சலூன்காரர் எரிந்த மின்விசிறியைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"உங்க மனைவி இங்க ஊழியரா? என்ன வேலை செய்றாங்க?"

தலைவர் சலூன்காரரை ஓரக்கண்ணால் பார்த்தார். "அது வந்து மேடம்… சின்னச் சின்ன ஒத்தாசை."

"ஒத்தாசைக்கா இவ்வளவு சம்பளம்? அப்ப இது செலவுல சேராது. வரியைக் கட்டிடுங்க."

வரி என்ற சொல் காதில் விழுந்ததும் தலைவரின் மானம் மரியாதை எல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. "ஐயோ இல்ல மேடம்! எல்லாக் காயிலும் இவதான் கட்டுறா! அத்தனையும் இவதான்!"

"என்னது?" என்றார் சலூன்காரர்.

"அப்ப நீங்க கட்ட மாட்டீங்களா?" என்று அதிகாரி கேட்டாள்.

"முதுகு வலி மேடம்."

"அப்ப நீங்க என்னதான் பண்றீங்க?"

தலைவர் யோசித்தார். மெய்யாகவே யோசித்தார். "நான் பேசுவேன் மேடம்" என்றார்.

அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினாள். "இவர் சொல்றது உண்மையாம்மா?"

"எங்க வீட்ல அவர் சொன்னா அதுதாங்க" என்றாள் அவள், தலையைக் குனிந்துகொண்டு.

அதிகாரி குறித்துக்கொண்டு பேனாவை மூடினாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று தலைவர் மூச்சு விடும் நேரத்தில், திரைக்குப் பின்னால் 'கிர்ர்ர்' என்றது.

"மனைவி இங்க நிக்கிறாங்க. அப்ப உள்ளே யாரு?"

"யாரும் இல்ல மேடம். ஃபேன் சத்தம்" என்று தலைவர் எழுந்து திரைக்குக் குறுக்கே நின்றார். மனைவியைப் பார்த்துக் கண்ணாலேயே கும்பிட்டார். ஆமாம், ஃபேன்தான் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பெண்மணி போய்விடுவாள், வீட்டு மானம் வீட்டோடு இருக்கும். இத்தனை வருடம் அவள் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறாள். இன்று அவள் அவரை ஒதுக்கிவிட்டுத் திரையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

மகள் மடியில் மோட்டாரும் கையில் செம்புக் கம்பியுமாக விழித்தாள்.

"வயசு என்னம்மா?"

"பதினஞ்சுங்க."

"இங்க வேலை செய்றியா?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒப்பித்தாள். "வேலை இல்லைங்க மேடம். சும்மா உக்காந்திருக்கேன்."

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அம்மா உக்காந்தா வேலை, சம்பளம். அதே நாற்காலியில பொண்ணு உக்காந்தா சும்மாவா?" என்று அதிகாரி தலைவரைக் கேட்டாள். "இது என் துறை இல்ல. ஆனா குழந்தைங்களை வேலைக்கு வைக்கிறதைக் கேக்குற ஆபீஸ் எங்களுக்கு மேல் மாடியிலதான் இருக்கு."

"ஐயையோ, அவ படிக்கிற பொண்ணு மேடம்!"

"எந்தப் பள்ளியில?"

மனைவிதான் வாயைத் திறந்தாள்.

"தெருமுனை அரசாங்கப் பள்ளியிலங்க. இன்னிக்குக் கடைசி நாள். சேக்குறதுக்கு இவர் கெளம்பிக்கிட்டுதான் இருந்தார். நீங்க வந்துட்டதால கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

"அடடா, நானும் அந்த வழியாத்தான் போறேன். வாங்க, சேந்தே போகலாம்" என்று அதிகாரி வழிவிட்டு நின்றாள். தலைவர் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு மகளோடு நடந்தார். சலூன்காரர் மின்விசிறியை இரண்டு கையாலும் தூக்கி மனைவியிடம் கொடுத்தார்.

அடுத்த வாரம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம், காலை எட்டு மணிக்கே. தலைவர் சோர்ந்து போயிருப்பார் என்று நினைத்தவர்களுக்கு ஏமாற்றம். மனிதர் வெளுத்து வாங்கினார். "அரசாங்கப் பள்ளிக்கூடம் யாரோடது? நம்மோடது! நாம வரி கட்டி நடக்குற பள்ளியை நாம அனுபவிக்காம வேற யாரு அனுபவிக்கிறது? எல்லாருக்கும் முன்மாதிரியா என் பொண்ணை நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்ச் சேத்தேன்!" கைதட்டல் கூரையைத் தொட்டது. எவ்வளவு பரந்த மனசு என்று பின்வரிசையில் யாரோ உருகினார்கள். முன்வரிசையில் இருந்த மனைவிக்குச் சிரிப்பு வந்தது. பேச்சு அவருக்கே போகட்டும், பள்ளிக்கூடம் மகளுக்குக் கிடைத்ததே என்று அவளும் மனதாரக் கைதட்டினாள்.

தலைவர் கையை உயர்த்திக் கூட்டத்தை அடக்கினார்.

"ஆனா ஒண்ணு. காலம் எப்படி மாறினாலும் குடும்பக் கட்டுக்கோப்பை நான் விட்டுக்கொடுத்ததே இல்ல. எங்க வீட்டுப் பொம்பளையை வேலைக்கு அனுப்புற வழக்கம் எங்க பரம்பரையிலயே கெடையாது!"

சலூன்காரரைத் தவிர எல்லோரும் இன்னும் பலமாகத் தட்டினார்கள். மனைவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மைக் வாய்க்கு முன்னால் இருப்பதை மறந்து தலைவர் கேட்டுவிட்டார். "ஏய், எங்க கெளம்பிட்ட?"

"ஒன்பதாகப் போகுதுங்க" என்றாள் அவள். "வேலைக்குப் போறேன்."

அதற்குள் கைதட்டல் ஓய்ந்திருந்ததால், கடைசி வரிசை வரை அது தெளிவாகக் கேட்டது.