லாரிக்குப் பின்னாடி என் பேரு

ஏனுங்க, ஒரு லாரிக்குப் பின்னாடி யாரு யாரு பேரெல்லாம் எழுதலாம்? குலதெய்வத்துப் பேரு எழுதலாம். அண்ணன் பையன், அக்கா பையன், இன்னும் பொறக்காத பேரன் பேரு வரைக்கும் எழுதலாம். பைனான்ஸ் குடுத்தவன் பேரைக்கூட எழுதலாம். ஆனா அந்த லாரியோட தார்ப்பாயை வெட்டிப் பை தச்சுப் பொழைக்கிற பொம்பள பேரை மட்டும் எழுதக்கூடாதாம். அப்படித்தான் எங்க மாமா சொன்னாரு.

மாமான்னா என் ஊட்டுக்காரரு மோகன்குமாரோட அண்ணன், தண்டாயுதபாணி. சங்ககிரியில லாரி புக்கிங் ஆபீஸ் வெச்சிருக்காரு. வண்டி அவரு பேர்ல இருக்குது, ஓட்டறது என் ஊட்டுக்காரரு. சேலத்துல ஜவ்வரிசி ஏத்திக்கிட்டு நாசிக் போவாரு, அங்கிருந்து வெங்காயம் ஏத்திக்கிட்டுத் திரும்புவாரு.

லாரித் தார்ப்பாய் ஓரம் கிழிஞ்சு போச்சுன்னா கண்டபக்கம் வீசிருவாங்க. நான் அதை எடுத்து அலசி, நல்ல பாகத்தை வெட்டி, கோணி ஊசியில கையாலயே பை தைக்கறேன். இழுத்தாப் பிய்யாது, மழைத்தண்ணி உள்ள எறங்காது. தச்சுத் தச்சு என் வெரலெல்லாம் காய்ச்சுப்போச்சு. இன்ஸ்டாகிராம்ல ‘சத்யபிரியா பைகள்’னு பேஜும் தொறந்தேன். லைக் போட்டதெல்லாம் சொந்தக்காரங்க. வாங்குங்கன்னு சொன்னா, “நமக்குள்ள என்ன புள்ள, ஒண்ணு சும்மாக் குடேன்”னாங்க.

என் சின்னம்மா பையன் யோகேஷ் சேலத்துல விளம்பரக் கம்பெனியில வேலை பாக்கறான். “அக்கா, காசு கட்டி விளம்பரம் போடு. இல்லாட்டி ஒருத்தன் கண்ணுலயும் படமாட்ட”ன்னான்.

“கட்டறதுக்குக் காசிருந்தா நான் எதுக்குடா பழைய தார்ப்பாயை வெட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்? போடா”ன்னு அனுப்பிட்டேன்.

ஆனா வேற ஒரு வழி கெடைச்சுதுங்க. ஒருநா பஸ்ல வாரப்ப டோல்கேட்டுல நெரிசல். முன்னாடி ஒரு லாரி. அது பின்னாடி எழுதியிருந்ததை நான் அட்சரம் விடாமப் படிச்சேன். பக்கத்துல இருந்தவங்களும் படிச்சாங்க, பின்சீட்டுல ஒருத்தரு சத்தமாவே படிச்சாரு. வேற வேலை? பாக்கறதுக்கு வேற என்ன இருக்குது அங்க? அட, இதைவிட என்ன விளம்பரம் வேணும், நம்ம ஊட்டு வண்டி பாதி நாடு சுத்துதேன்னு அப்பத்தான் உறைச்சுது.

ஆயுத பூசைக்கு எல்லா லாரிக்கும் பெயிண்ட் அடிப்பாங்கல்ல, அந்தச் சமயத்தைப் புடிச்சுக்கிட்டேன். என் ஊட்டுக்காரரு தயங்குனாரு. “அண்ணன் என்ன சொல்லுவாரோ?”

“அவரு சொல்றதை நான் கேட்டுக்கறேன். நீங்க பெயிண்டரைக் கூப்பிடுங்க.”

பெயிண்டர் அன்பு வந்து பின்பலகையில மஞ்சள்ல எழுதுனாரு: ‘மழையும் வெயிலும் தாங்குன தார்ப்பாய் இப்ப கைப்பை. வேணுமா? கூப்பிடுங்க.’ அதுக்குக் கீழ சத்யபிரியா. அதுக்கும் கீழ என் நம்பரு. எழுதி முடிச்சதும் நான் தள்ளி நின்னு பாத்தேன். என் பேரை அவ்வளவு பெரிசா நான் கல்யாணப் பத்திரிகையிலகூடப் பாத்ததில்ல. நெஞ்சு நெறஞ்சு போச்சுங்க.

மொதல்ல வந்ததெல்லாம் வெட்டிப்பயலுக போன். “பைகூட வேற என்ன குடுப்பீங்க?”ன்னான் ஒருத்தன். “பில்லு குடுப்பேன். அட்ரஸ் சொல்லு, உன் சம்சாரத்துகிட்டயே அனுப்பறேன்”னேன். வெச்சுட்டான். அப்புறம் நெசமான போன் வர ஆரம்பிச்சுது. தொப்பூர் கணவாயில லாரி ஊர்ந்து போகுமே, பின்னாடி வர்ற கார்க்காரங்க போட்டோ புடிச்சுக்கிட்டு, பேஜுக்குள்ள போய்ப் பாத்துட்டுக் கூப்பிட்டாங்க. தருமபுரி டீச்சரம்மா ஒருத்தங்க ஒண்ணு வாங்கி, அவங்க பள்ளிக்கூடத்து டீச்சருகளுக்கெல்லாம் வாங்கிக் குடுத்தாங்க. ஊசியைக் கீழ வெக்க நேரமில்லாம தச்சேன்.

மாமாவுக்கு யாரோ ஓதிட்டாங்க. வந்தாரு ஊட்டுக்கு.

“நம்ம ஊட்டுப் பொம்பள நம்பரு நாடு பூரா சுத்துதாமே? நாலு பேரு சிரிக்கறான் என் ஆபீஸுல.”

“சிரிக்கறவங்களை ஒரு பை வாங்கச் சொல்லுங்க மாமா.”

“வாய் பேசாதே, அம்மணி. மானம் மருவாதை இருக்குது.”

“கண்டவன் பேசுனா அவன் மானம் போகுது. என்னுது எதுக்குப் போகுது?”

மாமா வெடுக்குன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. ஆனா வண்டி அவருதாச்சே. அடுத்த நடை லோடு ஏத்த நின்னப்ப அன்பைக் கூப்பிட்டு அழிக்கச் சொல்லிட்டாரு. எங்க மாமா கஞ்சத்தனத்துக்குப் பேர் போனவரு. பலகை பூரா அழிச்சா பெயிண்ட் வீணுன்னு, “அந்தப் பேரையும் நம்பரையும் மட்டும் அழிச்சுட்டு என் பேரு, ஆபீஸ் நம்பரு போட்டுரு”ன்னு சொல்லியிருக்காரு. அன்பும் சொன்னதை மட்டும் செஞ்சுட்டுப் போயிட்டாரு.

நான் அழுதேனுங்க. ஆத்திரத்துல அழுதேன். அதுக்கப்புறம் என் போன் ஊமையாயிருச்சு. தச்ச பையெல்லாம் கட்டில் மேல கெடந்துச்சு. கடையை மூடிரலாமான்னுகூட ஒருநா தோணுச்சு. ச்சீ, அவருக்காகவா மூடறதுன்னு மறுபடி ஊசியை எடுத்தேன்.

நாசிக் நடை போயிட்டு வந்த என் ஊட்டுக்காரரு, ஊட்டுக்குள்ள வாரப்பவே வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிக்கறாரு. “அடியே, அண்ணன் ஆபீஸுக்குப் போய்ப் பாரு. லோடு கேட்டு ஒரு போன் வந்தா, பை கேட்டு நாலு போன் வருது. ‘ஜிப் வெச்சதா, வெக்காததா?’ன்னு கேக்கறாங்க. நாசிக்ல இருக்கற தமிழாளுக வேற கூப்பிடறாங்க. அண்ணன் தலையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு.”

வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதை. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, கூடவே வயிறும் எரிஞ்சுது. அத்தனையும் எனக்கு வந்திருக்க வேண்டிய போன்தானே!

ரெண்டு நாள்ல மாமாவே வந்துட்டாரு. கையில போன். காப்பி குடுத்தேன், குடிச்சாரு.

“ஏற்காட்டுல காப்பித் தோட்டக்காரரு. நம்மகிட்ட வருசா வருசம் லோடு குடுக்கறவரு. அவரு நடத்தற விடுதியில ரூமுக்கு ஒரு பை வேணுமாம். ஆகட்டுங்கன்னு வாக்குக் குடுத்துட்டேன். தச்சுரு.”

“உங்க பேருக்கு வந்த ஆர்டரு. நீங்களே தச்சுக் குடுங்க மாமா.”

என் ஊட்டுக்காரரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. மாமாவுக்கு மொகம் செவந்துச்சு. ஆனா லாரிக்காரருக்கு வாக்குன்னா வாக்கு. அது தவறுனா அடுத்த லோடு வராது. அதனால இறங்கிப் பேசுனாரு.

“இங்க பாரு அம்மணி. போனை நான் எடுத்துக்கறேன். ஆர்டரை உனக்குச் சொல்லியனுப்பறேன். வெட்டிப்பயலுக தொல்லை உனக்கில்ல. வேலை உனக்கு, பேரு எனக்கு. உனக்கென்ன நட்டம்?”

நெசத்தைச் சொல்றேன், மனசு ஒரு நிமிசம் ஆடிருச்சு. கட்டில் மேல கெடக்கற பையெல்லாம் போயிரும். இனி ஒருத்தன்கிட்டயும் மல்லுக்கட்ட வேண்டியதில்ல. ஆனா நாளைக்கு என்னை யாருக்குத் தெரியும்? மாமாவுக்கு ஒருநா மனசு மாறுனா நான் மறுபடி சும்மா பை குடுக்கற புள்ளதானே?

“முடியாதுங்க மாமா. என் பேரு இல்லாத பைக்கு என் ஊசி ஓடாது.”

“அண்ணா”ன்னாரு என் ஊட்டுக்காரரு. அண்ணன்கிட்ட எதுத்துப் பேசி நான் பாத்ததேயில்ல. “அவ சொல்றது சரிதானுங்கண்ணா. நாளைக்குப் பை பிஞ்சுதுன்னு கூப்பிட்டா நீங்க என்ன பதில் சொல்லுவீங்க? நமக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியுமா?”

மாமா அவரை மொறைச்சுப் பாத்துக்கிட்டிருக்கறப்பவே போன் அடிச்சுது. ஏற்காட்டுக்காரரு. ஸ்பீக்கர்ல போட்டாரு.

“தண்டாயுதபாணி, பை விசயம் என்னாச்சுங்க? தைக்கறவங்ககிட்டயே பேசணும். அளவு சொல்லணும்ல.”

மாமா என்னைப் பாத்தாரு. நான் அசையல.

“எங்க தம்பி சம்சாரந்தானுங்க தைக்குது. சத்யபிரியான்னு பேரு. அதுகிட்டயே பேசிக்குங்க. இருங்க, நம்பரு தாரேன்.” போனைப் பொத்திக்கிட்டு மெதுவா, “நம்பரு சொல்லு சாமி”ன்னாரு.

“இப்படிக் காதுல சொல்லமாட்டேன் மாமா. மொதல்ல அன்பைக் கூப்பிடுங்க. பெயிண்ட் டப்பாவோட வரட்டும். அவருகிட்டச் சொல்றேன், வண்டியில எழுதட்டும். அதைப் பாத்து நீங்க அவருக்குப் படிச்சுக் காட்டுங்க.”

மாமா போன்ல இருந்து கையை எடுத்தாரு. அப்புறம் ஏற்காட்டுக்காரருகிட்ட, “ஒரு மணி நேரங் கழிச்சுக் கூப்பிடறேனுங்க”ன்னு சொல்லி வெச்சுட்டு, அன்புக்குப் போன் போட்டாரு.