மணலுக்கு வலை கட்டியவர்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்பிள்ளையை வீட்டில் வைத்திருக்கத் தனிப் பொறுமை வேண்டும். என் வீட்டுக்காரர் ஹிஸ்கியா, நமீபுப் பாலைவனத்தை ஒட்டிய வால்விஸ் துறைமுகத்தில் மீன்வலை பழுது பார்த்தவர். வேலை முடிந்ததும் குய்செப் ஆற்று முகத்துவாரத்தில், என் ஆட்கள் இருக்கும் இந்த மணல்காட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்த மறுவாரமே இங்கே எதெல்லாம் சரியில்லை என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

முதலில் அவரிடம் மாட்டியது என் நாராப் புதர். மணல்மேட்டின் தலையில் இலையே இல்லாமல், முள்ளும் பச்சைத் தண்டுமாகப் படர்ந்து கிடக்கும். கோடையில் காய்க்கும் பழத்தை வேகவைத்தால் வீடே மணக்கும். எங்கள் வழக்கத்தில் ஒவ்வொரு புதருக்கும் ஒரு வீட்டார் உண்டு. அடுத்தவர் புதரில் கேட்காமல் கை வைக்க முடியாது. எனக்கு இருப்பது அம்மா வழியில் வந்த இது ஒன்றுதான். இது பட்டுப்போனால், எல்லாரும் குச்சியோடு பழம் தட்டக் கிளம்பும்போது நான் மட்டும் பானையைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மத்தியானம் கடல்காற்று கிளம்பினால் மணல் வந்து புதர்மேல் விழும். ஒருநாள் வீட்டைக் கூட்டிக் கூட்டி அலுத்துப்போய், "இந்த மணலு புதரையே முழுங்கிடும் போல" என்று சொல்லித் தொலைத்தேன். என் பேச்சு அவர் காதில் விழுவது அபூர்வம். அன்றைக்கென்று விழுந்தது.

மறுநாள் பார்த்தால், புதருக்குக் கடல் பக்கமாக வரிசையாகக் கம்பு நட்டு, பழைய வலையை மடித்து மடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

"என்ன பண்றீங்க?"

"உன் புதர காப்பாத்துறேன்."

"அதுக்கு மணலு வேணுங்க. மணலு மூட மூட அது மேல ஏறும். அந்த மேடே அப்படித்தான் உண்டாச்சு."

"முழுங்கிடும்னு நேத்து நீதானே சொன்ன?"

"நீங்க என் உசிர வாங்குறீங்கன்னுகூடத்தான் தினமும் சொல்றேன். அதுக்கு எங்கயாச்சும் எழுந்து போனீங்களா?"

அவர் இன்னொரு முடிச்சைப் போட்டு இறுக்கினார்.

என் சித்தப்பா மகள் அலெத்தாவுக்கு அன்றிலிருந்து பொழுது நன்றாகப் போனது. கழுதை வண்டியில் போகும்போதெல்லாம் நிறுத்துவாள்.

"அத்தான், இன்னிக்கு மீன் எவ்வளவு?"

"சிரி, சிரி. நாளைக்கு நீயே வலை கேட்டு வருவ."

வலை நன்றாகத்தான் வேலை செய்தது, அதைச் சொல்லியாக வேண்டும். இடுப்பு உயரத்துக்கு மணலைப் பிடித்து வைத்தது. ஆனால் சுமையை அங்கே இறக்கிவிட்டு வெறுங்கையோடு வந்த காற்று, என் மேட்டைச் சுரண்டத் தொடங்கியது. புதரின் கால் வெளியே தெரிந்தது. வேர்கள் அந்தரத்தில் தொங்கின. நுனிகள் மஞ்சளாயின.

"வலைய அவுருங்க."

"இந்த வருஷம் காத்தே சரியில்ல. எல்லாம் சரியாயிடும்."

தப்பு என்னுடையது என்று சொல்லும் பழக்கம் இந்த மனிதருக்குக் கிடையாது. கட்டிக்கொண்ட நாள்முதல் பார்க்கிறேன்.

பிறகு ஒரு மத்தியானம், வலையடியில் குவிந்த மணலை அவர் வாளியில் அள்ளிப் புதருக்குக் கொண்டுபோவதைப் பார்த்தேன். நமீபுப் பாலைவனத்தில் ஒருவர் மணல் சுமக்கிறார்! அவர் போய்ச் சேருவதற்குள் பாதி வாளியைக் காற்று காலி செய்துவிடுகிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அலெத்தாவுக்கு அந்தக் குழப்பம் இல்லை.

"அத்தான், மணலு பத்தலையா? எங்க வீட்டுக்குள்ள நிறைய கிடக்கு, கூட்டி அள்ளித் தரட்டுமா?"

அவர் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.

"உனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான். அதையும் நான் கெடுத்துட்டேன்" என்றார்.

இதைக் கேட்கத்தானே இத்தனை காலம் காத்திருந்தேன்? கேட்டபோது ஒரு சந்தோஷமும் இல்லை. அலெத்தாகூட வண்டியை விட்டு இறங்கினாள்.

"எழுந்திரிங்க, முதல்ல அத அவுருங்க" என்றேன்.

அவர் போட்ட முடிச்சுகள் அவருக்கே அவிழவில்லை. அலெத்தா வண்டியிலிருந்து கத்தி எடுத்துக் கொடுத்தாள். அறுக்க அறுக்க முகத்தைச் சுளித்துக்கொண்டே அறுத்தார்.

மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொண்டது. குவியல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மேட்டுப்பக்கம் நகர்ந்தது. தொங்கிய வேர்களை மூடியது. நிற்காமல், பட்டுப்போன தண்டுகளையும் சேர்த்து மூடியது. வெறும் மணல். அவ்வளவுதான், போய்விட்டது என்று நினைத்தேன். அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். அவர் மட்டும் தினமும் போனார். வந்து ஒன்றும் சொல்லமாட்டார்.

ஒருநாள் காற்று கிளம்பும் நேரத்தில் மனசு கேட்காமல் ஏறிப்போனேன். மேட்டின் உச்சியில் மணலைக் குத்திக்கொண்டு பச்சையாக முள் எட்டிப் பார்த்தது. ஒன்றல்ல, கை அகலத்துக்கு ஒன்றாக, மேடு முழுக்க. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நகராமல் நின்றேன்.

"ஏய்!" பின்னாலிருந்து அவர் குரல். "அங்க நிக்காத! காத்த மறைக்கிற பாரு. அப்புறம் மணலு எப்படி வரும்?"

என் அம்மாவின் புதர். என்னிடம் சொல்கிறார்.

நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, ஒதுங்கி நின்றேன்.