அமாவாசை ரிலீஸ்

எனக்கு மூக்கு மேல கோபம்னு எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியுமுங்க. அதனாலதான் பூஜிதா அன்னைக்குக் காலைல என் மேசைகிட்ட வந்து, சொல்லலாமா வேண்டாமான்னு முழிச்சுக்கிட்டு நின்னா.

"அக்கா, தறி சாப்ட்வேர் கோடு பூராத்தையும் புது சர்வருக்கு மாத்தியாச்சுங்க. பழைய ஹிஸ்டரி மட்டும் வேண்டாம்னு முடிவு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அழிச்சுப்போடறோம். ஒருக்கா பாத்துட்டு ஓகே சொல்லிப்போடுங்க."

ஹிஸ்டரின்னா வேற ஒண்ணுமில்லைங்க. கோடுல எந்த வரியை யார், என்னைக்கு, எத்தனை மணிக்கு, எதுக்கு மாத்துனாங்கங்கற பதிவு. பத்து வருசத்துது. அழிச்சுக்கோ போன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். கை சும்மா இருந்தாத்தானே? மொத நாள்ல இருந்து படிக்க ஆரம்பிச்சுட்டேன்.

மொத நாலு வருசம் நாங்க ரெண்டே பேரு, நானும் சுஃப்யானும். இப்பத்தான் சரவணம்பட்டியில ஆபீஸ், ஏசி, லிஃப்டு எல்லாம். அப்ப கருமத்தம்பட்டியில காளிச்சாமி அண்ணன் தறிக்கூடத்துக்கு மேல ஒரு ரூம்பு. கீழ தறி ஓடுனா மேல மேசை ஆடும், டீ கிளாஸ் தானா நகரும். எந்தத் தறியில எந்தப் பாவு நூல் ஏறியிருக்குது, எத்தனை மீட்டர் துணி ஓடியிருக்குதுன்னு காட்டற சாப்ட்வேர் எங்களுது. மத்த கம்பெனிக்காரங்க ஞாயித்துக்கிழமை ரிலீஸ் பண்ணுவாங்க. நாங்க அமாவாசைக்கு. அன்னைக்குத்தான் தறியை நிறுத்தித் தொடச்சு, எண்ணெ போட்டு, பூசை போடுவாங்க. அந்த இடைவேளையில புதுக் கோடை ஏத்திப்போடுவோம்.

ஒவ்வொரு மாத்தத்துக்கும் சுஃப்யான் ஒரு குறிப்பு எழுதி வெச்சிருக்கான் பாருங்க. "தேதி தப்பா வந்துச்சு, சரி பண்ணிப்போட்டேனுங்க." "இது வேலை செய்யுது, ஏன்னு எனக்கும் தெரியலீங்க." "மோகனா திட்டறதுக்குள்ள மாத்திப்போட்டேன்." மோகனாங்கறது நான்தானுங்க. தனியா உக்காந்து சிரிச்சேன். அந்த ஆடற மேசையும் அவனும் திரும்ப வேணும்னு இருந்துச்சு. எனக்கு அந்த மாதிரி ஒரு கூட்டாளி அப்புறம் அமையவே இல்லைங்க. நாங்க பேசி ஆறு வருசமாச்சு.

காரணம் ஒரு அமாவாசை ரிலீஸ். மறுநாள் காலைல தறி ஓட்டுனா, பாவுக் கணக்கெல்லாம் இருந்த டேட்டா டேபிளையே காணோம். மூணு மாசத்துத் தகவல் சுத்தமாப் போச்சு. பேக்கப்பும் எப்பவோ நின்னு போயிருந்துது. காளிச்சாமி அண்ணன், "என்ன அம்மணி, இப்படிப் பண்ணிப்போட்டீங்க"ன்னு அது மட்டுந்தான் கேட்டார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறிப்போச்சு. எந்த வரியை எழுதுனது யாருன்னு காட்டிக்குடுக்கறதுக்கு ஒரு கமாண்டு இருக்குதுங்க. தட்டுனேன். சுஃப்யான் பேரு வந்துச்சு. ஸ்கிரீனை அண்ணன் பக்கம் திருப்பி, "பாருங்கண்ணா, இவன் பண்ணுன வேலை. இவனை நம்பி உக்காந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்"னு அத்தனை தறிக்காரங்க முன்னாடியும் கத்துனேன். அவன் ஒரு வார்த்தை பேசல. டிபன் கேரியரை எடுத்துக்கிட்டுப் படியெறங்கிப் போனவன்தான்.

மத்தியானம் படிச்சுக்கிட்டே அந்த வரிக்கு வந்து சேந்தேன். பேரு, சுஃப்யான். கிழமை, வெள்ளி. நேரம், பகல் ஒரு மணி பன்னெண்டு நிமிசம்.

அந்த நேரத்தை மறுபடியும் படிச்சேனுங்க.

வெள்ளிக்கிழமை பன்னெண்டரைக்கே அவன் ஜும்மா தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குக் கெளம்பிருவான். திரும்பி வாரதுக்கு ரெண்டு மணி ஆகும். அந்த வாரம் என் லேப்டாப் ரிப்பேருக்குப் போயிருந்துது. அவன் எந்திரிச்சதும் அவன் சேர்ல உக்காந்து, அவன் கம்ப்யூட்டர்லதான் நான் வேலை பாத்தேன். அதுல யார் தட்டுனாலும் அவன் பேருதான் விழும். பழைய டேபிளை அழிக்கறேன்னு நடப்புல இருந்த டேபிளை அழிச்சது என் கை. அவன் வந்ததும், "முடிச்சாச்சு, ஏத்திரு"ன்னு அதிகாரமாச் சொன்னதுகூட ஞாபகம் வந்துச்சு.

நாலே முக்காலுக்கு பூஜிதா வந்தா. "ஓகேங்களாக்கா?"

ஓகேன்னு சொன்னா முடிஞ்சுது. இந்த நேரத்தைப் பத்தி எந்தக் காலத்துலயும் யாருக்கும் தெரியாது. பொய் எதுக்குங்க, ஓகேன்னு சொல்லிப்போடலாம்னுதான் அரை நிமிசம் இருந்தேன். அப்படி நெனச்சதே எனக்கு வெக்கமாப் போச்சு.

"அழிக்காதே கண்ணு. ஒரு வரிகூட அழிக்காதே"ன்னு சொல்லிப்போட்டு, போனை எடுத்துக்கிட்டுப் படிக்கட்டுப் பக்கம் போனேன்.

நம்பர் மாறல. மூணாவது ரிங்குல எடுத்தான். "ஏனுங்க மோகனா, நல்லாருக்கீங்களா?" என்னமோ நேத்துத்தான் பேசுன மாதிரி.

ஒரே மூச்சுல எல்லாத்தையும் கொட்டிப்போட்டேன். என் கைதான் சுஃப்யான், நீ இல்லைன்னேன். காளிச்சாமி அண்ணன்கிட்ட இன்னைக்கே நேர்ல போய்ச் சொல்றேன்னேன். அழுகை வந்துருச்சு, மறைக்கல.

"எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க"ன்னான். "பேருக்குப் பக்கத்துலயேதான நேரமும் இருந்துச்சு."

"அப்பறம் ஏன் நீ வாயைத் தொறக்கல?"

"நீங்களும் அதே ஸ்கிரீனைத்தானுங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க."